நெய்தல் நாட்டுக் கைதிகள்

சென்ற வாரக் கட்டுரையை, புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவோடு நிறுத்தியிருந்தோம். அது 1964 டிசம்பர் 22. அதற்கு ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 1965 ஜூலை 9 அன்று ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியானது. பி.ஆர்.பந்துலு தயாரித்து இயக்கிய வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஜோடி சேர்ந்த முதல் படம். பெரிய ஊர்களில் ஓடி முடித்து டூரிங் டாக்கீஸ்களுக்கு வந்த பிறகு, பல வருடங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. உச்சிப்புளிப் பக்கம் ஒரு கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து நான் பார்த்தது அப்படி ஒரு மறுவரவில்தான்.

அப்போது என் கண்ணில் பட்டது கப்பலும் கத்திச்சண்டையும் மட்டும்தான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு வத்தையும் வள்ளமும் புதிதல்ல. ஆனால் பாய்மரத்தின் உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்துத் தாவி, அடுத்த கப்பலின் தளத்தில் குதிக்கிற மனிதரை நாங்கள் கண்டதில்லை. மறுநாள் கரையில் இழுத்துப் போட்டிருந்த படகெல்லாம் எங்களுக்குக் கொள்ளையர் கப்பலாயிற்று. துடுப்புக்குச் சேதம் வந்து அடி வாங்கியவர்களும் உண்டு.

அண்மையில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். சண்டைக் காட்சிகள் இன்னும் அலுக்கவில்லை. விசுவநாதன்-ராமமூர்த்தியின் இசை இப்போது கேட்டாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. 2014இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையிட்டபோது சென்னையில் மாதக்கணக்கில் ஓடிய படமாயிற்றே. ஆனால் சின்ன வயதில் காதில் விழாமல் போன ஒன்று இம்முறை உறைத்தது. அடிமைகளின் கதை அது. நெய்தல் நாட்டு வைத்தியன் மணிமாறன் கலகக்காரர்களுக்கு உதவுகிறான். அதற்குத் தண்டனையாக அவனும் அவர்களும் கன்னித்தீவுக்கு அனுப்பப்பட்டு அடிமைகளாக விலைபோகிறார்கள்.

“சித்தப்பா, அந்தத் தீவு நிசமாவே இருக்கா?” என்று கேட்டாள் அவள். இந்த வாரக் கட்டுரை அவளுக்கான பதில்தான்.

படத்தின் கதைக்கு மூலம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ரஃபேல் சபாட்டினி 1922இல் வெளியிட்ட ‘கேப்டன் பிளட்’ நாவலை, எரால் ஃப்ளின்னைக் கதாநாயகனாக வைத்து ஹாலிவுட் 1935இல் படமாக்கியது. பந்துலுவின் கதை அதன் அடியொற்றியே நடக்கிறது. 1685இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மான்மத் கோமகன் கலகம் செய்து தோற்றார். அவரோடு நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்ட ஹென்றி பிட்மன் என்ற மருத்துவரும் அவர்களில் ஒருவர். பார்படோஸில் விலைபோன அவர், ஒரு சிறு படகில் தப்பி ஊர் திரும்பி, 1689இல் தன் அனுபவத்தை அச்சிட்டார். சபாட்டினியின் கதாநாயகனுக்கும் நம் மணிமாறனுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

சரி, அது இங்கிலாந்துக் கதை. நம் கரையில்?

இங்கும் அப்படி ஒரு கலகம் நடந்தது. அதை ஒழித்துக்கட்டியவர்களும் இங்கிலாந்துக்காரர்களே. 1795இல் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பினி சிறைபிடித்தது. 1799இல் சேதுபதியின் ஆள் மயிலப்பன் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் வட்டாரம் எழுந்தது. 1801 ஜூனில், சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது கும்பினியை எதிர்த்து எழுதிய அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24 அன்று சகோதரர்கள் இருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். மயிலப்பனுக்கு மறு ஆண்டு தூக்கு.

தூக்குக்குத் தப்பியவர்களுக்கும் விடுதலை இல்லை. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் 73 பேரைக் கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் ‘அட்மிரல் நெல்சன்’. போய்ச்சேர்ந்த இடம், வேல்ஸ் இளவரசர் தீவு என்று கும்பினி பெயரிட்டிருந்த பினாங்கு. கட்டபொம்மன் கூட்டத்தார், சிவகங்கையார், ராமநாதபுரத்தார் எல்லாரும் அதில் இருந்தார்கள். சிவகங்கையை ஆண்ட வேங்கை பெரிய உடையணத் தேவர் சுமத்ராவின் பென்கூலனில் உயிர்விட்டார். ஆட்சியில் இருந்தவர், மொழி தெரியாத தீவில் கைதியாகவே போய்ச்சேர்ந்தார்.

அந்த 73 பேரில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். வயது ஏறக்குறைய 15. அப்போது காவல் பொறுப்பில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், ஒரு காலத்தில் சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று தம் நினைவுக்குறிப்பில் நன்றியோடு எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரின் பிள்ளை கைதியாக நிற்கிறான், உத்தரவு வேறு. 1818இல் பினாங்குக்குப் போன வெல்ஷ், துரைசாமியை அங்கே மறுபடி சந்தித்தார். அவர் எதிரில் வந்து நின்றவர் தளர்ந்து கிழடுதட்டிப் போயிருந்தார். கணக்குப் பார்த்தால் துரைசாமிக்கு அப்போது 31 வயதுதான் இருக்கும். கும்பினி எழுதிய எத்தனையோ அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். எதுவும் இந்த ஒரு சந்திப்பைப் போல என்னை உலுக்கியதில்லை.

கலகக்காரனை ஊருக்குள் தண்டித்தால் அவன் பெயர் கும்மியாகும், நடுகல்லாகும். தீவுக்கு அனுப்பினால் ஊரே மறந்துபோகும். கும்பினிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மருதிருவருக்கு இன்று சிலைகளும் குருபூசையும் உண்டு. கப்பலேறிய 73 பேரின் பெயர்ப் பட்டியலை எத்தனை பேர் படித்திருப்போம்?

அடிமைத்தனத்துக்கு விலங்கு மட்டும்தான் அடையாளம் என்றும் இல்லை. படம் எடுக்கப்பட்ட நாட்களில் இதே கரையில் வேறொரு கடல் கதை நடந்துகொண்டிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டிய கங்காணிகள் மண்டபம் முகாம் வழியாகக் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். அம்மை குத்தி, துணிகளை ஆவியில் வேகவைத்து, நாள்கணக்கில் அடைத்துவைத்துத்தான் கப்பலேற்றுவார்கள். தொழிலாளியின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டோடு அவரையும் தோட்டம் மாற்றுகிற வழக்கம் 1921 வரை சட்டப்படி செல்லுபடியானது. ஏலம் போடவில்லை, அவ்வளவுதான். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்கள் பிற்பாடு ராமேசுவரத்தில் இறங்கி, தாத்தாக்கள் புறப்பட்ட அதே மண்டபம் முகாமுக்கு வந்தார்கள்.

கண்டிச் சீமையின் நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, சிறு பிள்ளையாகக் கடல் கடந்து வந்தவர்தான் எம்.ஜி.ஆரும். இந்தக் கரையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் வெறும் கற்பனையைப் பார்த்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

மருதிருவரைத் திரைக்குக் கொண்டுவர, கண்ணதாசன் 1959இல் ‘சிவகங்கைச் சீமை’யை எடுத்தார். அவர்களுக்குப் பின்னால் கப்பலேறியவர்களின் கதை மிச்சமிருக்கிறது. தமிழ்த் திரைக்காரர்களே, துரைசாமியின் கதையை எடுங்கள். பிள்ளைகளும் பெற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற கடல் படமாக எடுங்கள். பந்துலு கப்பல் காட்சிகளுக்காகக் கார்வார் வரை போனார். உங்களுக்குத் தொண்டியும் தேவிபட்டினமும் இருக்கின்றன.