பழங்காலக் கூம்பு ஒலிபெருக்கிகளின் மறுவிற்பனை மதிப்பு

பழங்காலக் கூம்பு ஒலிபெருக்கிகளின் மறுவிற்பனை மதிப்பு என்பது, 1920களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 1970கள் வரை திரையரங்குகளுக்கும் இல்லங்களுக்கும் எனச் செய்யப்பட்ட கூம்பு ஒலிபெருக்கிகள் பழைய பொருட்களுக்கான சந்தையில் பெறும் விலையைக் குறிக்கும். பெரும்பாலான மின்னணுக் கருவிகள் பழையனவாகும்போது மதிப்பை இழக்கின்றன. இவ்வகை ஒலிபெருக்கிகளுள் சில ஒரு காலத்தில் கழிபொருளாகக் கருதப்பட்டு, பின்னர் முதலில் விற்கப்பட்ட விலையைவிடப் பன்மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. வயது மட்டும் இதற்குக் காரணமன்று. எத்தகைய மிகைப்பியுடன் அவை இணைக்கப்படுகின்றன என்பதும், உள்ளுறுப்புகள் மூலவடிவில் எஞ்சியுள்ளனவா என்பதும் முதன்மையான காரணங்களாகும்.

தமிழ்நாட்டில் கோயில் விழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் கட்டப்பட்டுவந்த உலோகக் கூம்பு ஒலிபெருக்கியும் இதே தத்துவத்தில் இயங்குவதாகும். எனினும் அது பேச்சொலி தொலைவுக்குச் செல்வதற்காகக் குறுகிய அலைவெண் நெடுக்கத்தில் இயங்குமாறு செய்யப்பட்டது. இக்கட்டுரை இசைக்கும் திரைப்பட ஒலிக்கும் உரிய பெரிய கூம்புகளைப் பற்றியது.

செயல்படும் முறை

இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவும்போது குரல் உரத்துக் கேட்கிறது. கூம்பின் பணியும் இதனை ஒத்ததே. அதிரும் சிறு தகட்டுக்கும் அறையிலுள்ள காற்றுக்கும் இடையே ஆற்றல் எளிதில் கடப்பதில்லை. குறுகிய தொண்டையில் தொடங்கிப் படிப்படியாக விரியும் கூம்பு இவ்விரண்டையும் பொருத்தி வைக்கிறது. தொண்டைப் பகுதியில் இணைக்கப்படும் ஒலியாக்கும் உறுப்பு இயக்கி எனப்படும்.

கூம்பில்லாத சாதாரண ஒலிபெருக்கி, பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையே ஒலியாக மாற்றுகிறது. நன்கு வடிவமைக்கப்பட்ட கூம்பு இதனைப் பல மடங்கு உயர்த்துகிறது. 1 வாட்டு கொடுக்கும்போது 1 மீட்டர் தொலைவில் அளக்கப்படும் ஒலி மட்டம் உணர்திறன் எனப்படும். கிளிப்ஷ்ஹார்ன் என்னும் கூம்பு ஒலிபெருக்கியின் உணர்திறன் 105 டெசிபெல் என அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். 87 டெசிபெல் உணர்திறனுள்ள ஒரு சாதாரணப் பெட்டியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு 18 டெசிபெல், அதாவது மின்திறனில் ஏறத்தாழ 63 மடங்கு. முன்னது 8 வாட்டில் எழுப்பும் ஒலியை எழுப்பப் பின்னதற்கு ஏறத்தாழ 500 வாட்டு வேண்டும். இவ்வகை ஒலிபெருக்கிகளின் விலை இறங்கியதையும் ஏறியதையும் விளங்கிக்கொள்ள இக்கணக்கே அடிப்படையாகும்.

வரலாறு

1926இல் வைட்டாஃபோன் முறையில் "டான் ஜுவான்" திரைப்படம் ஒலியுடன் வெளியிடப்பட்டது. அக்கால வெற்றிடக் குழாய் மிகைப்பிகள் சில வாட்டுகளே தந்தன. அந்தச் சிறு திறனைக் கொண்டு ஒரு பெரிய அரங்கை நிரப்பக் கூம்பு தவிர வேறு வழியில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வென்ட்டி, துராஸ் ஆகியோர் உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 இயக்கி இத்தேவைக்கு விடையாக அமைந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் துணை நிறுவனம் இக்கருவிகளைத் திரையரங்குகளுக்கு விற்காமல் குத்தகைக்கு விட்டது. எனவே அரங்க உரிமையாளர்கள் அவற்றைத் தம் விருப்பப்படி விற்க இயலவில்லை.

1930களின் நடுப்பகுதியில் எம்ஜிஎம் நிறுவனத்தில் உருவான ஷியரர் கூம்பு, தாழ் ஒலிக்கும் உயர் ஒலிக்கும் தனித்தனிக் கூம்புகளைப் பயன்படுத்தியது. 1945இல் ஆல்டெக் லான்சிங் வெளியிட்ட "வாய்ஸ் ஆப் த தியேட்டர்" வரிசை இம்முறையை எண்ணற்ற அரங்குகளுக்குக் கொண்டு சென்றது. இல்லங்களுக்கான கிளிப்ஷ்ஹார்னை பால் கிளிப்ஷ் 1946 முதல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் ஊரில் தயாரித்தார். அறையின் மூலைச் சுவர்களே இதில் தாழ் ஒலிக் கூம்பின் நீட்சியாகச் செயல்படுகின்றன.

வீழ்ச்சிக்கு மூன்று காரணங்கள் ஒருங்கே அமைந்தன. 1954இல் அறிமுகமான ஏஆர்-1 என்னும் ஒலிபெருக்கி, சிறிய மூடிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த தாழ் ஒலியைப் பெற முடியும் எனக் காட்டியது. 1958இல் இருதட ஒலி இசைத்தட்டுகள் பரவியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டன. இரண்டு பெரிய கூம்புகளுக்குப் பெரும்பாலான வீடுகளில் இடமில்லை. 1960களில் டிரான்சிஸ்டர் மிகைப்பிகள் மின்திறனை மலிவாக்கின. திறன் மலிந்தபோது கூம்பின் சிக்கனத்துக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

இந்நிலை மாறியது சப்பானில் ஆகும். அங்குள்ள ஆர்வலர்கள் குறைந்த திறனுள்ள மும்முனைய வெற்றிடக் குழாய் மிகைப்பிகளைத் தொடர்ந்து விரும்பினர். ஏறத்தாழ 8 வாட்டு தரும் 300பி குழாயின் ஒற்றை மிகைப்பிக்கு உகந்த துணை, அதே காலத்தில் அதற்கெனவே செய்யப்பட்ட திரையரங்குக் கூம்புதான். 1970களில் சான் இராகா போன்றோர் இவ்விருப்பத்தைப் பிரான்சில் பரப்பினர். பின்னர் தென்கொரியாவிலும் சேகரிப்பாளர்கள் பெருகினர்.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

- இணை: இருதட ஒலிக்கு முந்தைய ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் ஒற்றையாகவே வாங்கப்பட்டன. ஆகவே ஒத்த காலத்தைச் சேர்ந்த இணை அரிது. அடுத்தடுத்த வரிசை எண்களைக் கொண்ட இணை, இரண்டு தனி ஒலிபெருக்கிகளின் கூட்டுவிலையைவிட மிகுதியாகப் பெறும்.
- அதிர்தகடு: இயக்கியில் எளிதில் சேதமடையும் உறுப்பு இதுவே. மாற்றுத் தகடு நன்கு ஒலித்தாலும், மூலத் தகடு உள்ள இயக்கிக்கே சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவர்.
- காந்தம்: 1920கள், 1930களின் இயக்கிகளில் மின்காந்தச் சுருள்கள் இருந்தன. 555க்கு 7 வோல்ட்டு, 1.5 ஆம்பியர் நேர்மின்னோட்டம் தனியாக வழங்க வேண்டும். அடுத்து அல்நிக்கோ நிலைக்காந்தம் வந்தது. 1978இல் அன்றைய சயீரின் சபா மாகாணத்தில் மூண்ட மோதலை அடுத்து அல்நிக்கோவுக்குத் தேவையான கோபால்ட்டின் விலை கடுமையாக உயர, பல நிறுவனங்கள் பெரைட் காந்தத்துக்கு மாறின. ஒலித்தரத்தில் இவற்றிடையே வேறுபாடு உண்டா என்பது விவாதத்துக்குரியது. விலையில் உண்டு என்பது உறுதி.
- விளிம்புப் பொருள்: திரையரங்குத் தாழ் ஒலி இயக்கிகளின் விளிம்புகள் மடித்த தாளாலோ துணியாலோ ஆனவை. இவை பல பத்தாண்டுகள் தாங்கும். 1970களில் பரவிய நுரை விளிம்புகள் தாமே சிதைந்துவிடுபவை.
- பிரிப்புச் சுற்று: தாழ், உயர் அலைவெண்களைப் பிரிக்கும் சுற்றிலுள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் தம் அளவிலிருந்து விலகும். அவற்றை மாற்றுவது கேட்பதற்கு நன்று. அகற்றிய மூல உறுப்புகளைப் பாதுகாத்து உடன் வழங்குவது மதிப்பைக் காக்கும்.
- அளவும் எடையும்: பெரிய கூம்பு கப்பற் செலவைக் கூட்டும். எனவே சிறிய இயக்கிகள் உலகெங்கும் பயணிக்க, பெட்டிகள் பெரும்பாலும் உள்ளூரிலேயே விற்கப்படுகின்றன.

சில எடுத்துக்காட்டுகள்

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவிகள் இச்சந்தையின் உச்சியில் உள்ளன. சப்பானின் ஜிஐபி ஆய்வகம், சீனாவின் லைன் மேக்னெட்டிக் ஆகியவை 555 இயக்கியின் நகல்களைத் தயாரித்துள்ளன. நகல்கள் வெளிவந்தமையால் மூலப்பொருளை அடையாளம் காணும் திறன் இன்றியமையாததாயிற்று.

ஜேபிஎல் நிறுவனத்தின் ஹார்ட்ஸ்ஃபீல்டு (1954), பாராகன் (1957–1983) ஆகியவை ஒலிக்காக மட்டுமன்றி மரவேலைக்காகவும் வாங்கப்படுகின்றன. பாராகன் இருதடங்களையும் ஒரே நீண்ட பெட்டியில் கொண்டிருப்பதால் இணை தேடும் சிக்கல் அதற்கில்லை.

ஆல்டெக் ஏ7 பெருமளவில் தயாரிக்கப்பட்டது. அதன் பெட்டி எளிய ஒட்டுப்பலகையால் ஆனது. எனவே அதன் விலை மேற்கூறியவற்றைவிடக் குறைவு. கிளிப்ஷ்ஹார்னோ இன்றும் தயாரிப்பில் உள்ளது. உதிரி உறுப்புகள் கிடைப்பது பழையதற்கு நன்மை. அதேவேளை, புதியதன் விலை பழையதன் விலைக்கு ஓர் உச்சவரம்பாகவும் அமைகிறது.

பிரித்து விற்றல்

உயர்ந்த விலை இக்கருவிகளைக் காக்கவும் செய்கிறது, அழிக்கவும் செய்கிறது. விலை இல்லாத காலத்தில் திரையரங்குகள் இடிக்கப்பட்டபோது கூம்புகளும் குப்பைக்குச் சென்றன. விலை ஏறியபின் திரைகளுக்குப் பின்னாலும் பரண்களிலும் கிடந்தவை தேடி எடுக்கப்பட்டன. ஆனால் ஒரு முழுத் தொகுதியிலிருந்து இயக்கியைக் கழற்றித் தனியே விற்பது எளிது, ஆதாயமும் மிகுதி. அவ்வாறு கழற்றப்பட்டபின் எஞ்சும் மரக்கூம்பு வாங்குவாரின்றி அழிகிறது. கூம்பு, இயக்கி, பிரிப்புச் சுற்று ஆகியவை ஒன்றையொன்று கருதி வடிவமைக்கப்பட்டவை. பிரிந்தபின் எந்த உறுப்பும் அந்த அரங்கின் ஒலியைத் தராது.

முழுத் தொகுதிகளைப் பேணும் முயற்சிகளும் உள்ளன. கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்து 2024இல் சியோலில் திறக்கப்பட்ட ஆடியம் என்னும் ஒலி அருங்காட்சியகத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கூம்புகள் காட்சிப்பொருளாக மட்டுமின்றி, ஒலிக்கும் நிலையிலும் வைக்கப்பட்டுள்ளன. தனியார் உரிமையாளர்களைப் பொறுத்தவரை, தொகுதியைப் பிரிக்காமல், வரிசை எண்களையும் செய்த பழுதுபார்ப்புகளையும் எழுதி வைத்து அடுத்தவருக்குக் கைமாற்றுவதே பொருளையும் அதன் மதிப்பையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.