அம்பாஸிடரும் அடங்காத கசிவும்

ஆனி, ஆடி மாதங்களில் பொதிகைமேல் மேகம் கவிந்து, தென்காசிக் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளத் தொடங்கியதும், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் பிரயாணிகளின் வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்வது பல தலைமுறை வழக்கம். அவற்றுள் பெரும்பாலானவை அம்பாஸிடராக இருந்த காலத்தில், நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டாத வண்டி அபூர்வம். அதை மெக்கானிக்கின் அசிரத்தை என்று பலர் ஏசினார்கள். அது பாதி நியாயமே.

1959 முதல் அம்பாஸிடரில் பொருத்தப்பட்ட 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் பின்கோடியில், கிராங்க் ஷாஃப்டைத் தழுவி நிற்கும் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டிலேயே எதிர்ப்புறமாக வெட்டிய மறை, சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளிவிடும். சுழற்சி நின்றால் அந்தக் காவலும் நின்றுவிடும். ஆகையால் மேட்டை நோக்கி நிறுத்திய வண்டி, எவ்வளவு நேர்த்தியாகக் கோத்திருந்தாலும் சற்றே கசியும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் வாயு அழுத்தம் ஏறினாலோ, பிரீதர் குழாய் அடைபட்டாலோ, சொட்டு ஒழுக்காகிவிடும். மூட்டுகளுக்கு இடையே வைக்கும் பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டையைத் தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில், பாரம் சுமந்து சிறிய கியரில் முனகிச் செல்லும் எஞ்சினில் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும்; எந்தச் சிறு பிளவும் அங்கேதான் வெளிப்படும். உதிரிபாகத்துக்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருந்த நாட்களில், வீட்டு முற்றத்திலேயே எஞ்சினைப் பிரித்தவர்கள், பேக்கிங் அட்டையைச் சம்ப்பின் விளிம்பில் வைத்துச் சுத்தியலின் உருண்டைத் தலையால் தட்டித் தட்டியே அளவாக வெட்டினார்கள். உலர்ந்து சுருங்கிய கார்க் பேக்கிங்கை நீரில் ஊறவைத்து நீட்டினார்கள். இதை அரைகுறை வேலை என்று ஒதுக்குவதை நான் ஒப்பவில்லை. அது அவசியத்தால் விளைந்த வித்தை.

ஆனால் வீட்டில் கோத்த எஞ்சின் கசியும்போது, காரணத்தைக் காண்பதற்குத்தான் மெய்யான நிதானம் தேவைப்பட்டது. விசிறிக் காற்று ஆயிலைப் பின்னோக்கி விசிறுவதால், சொட்டும் இடம் கசியும் இடம் அன்று. எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் சுண்ணப் பொடியைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு, டேப்பெட் கவரிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துவந்தால், முதலில் நனைந்த பொடி உண்மையைச் சொல்லிவிடும். பழைய பேக்கிங்கின் துணுக்கு சுரண்டப்படாமல் ஒட்டியிருக்கும். அல்லது கசிவை அடக்கும் ஆவேசத்தில் அளவு மீறி முறுக்கிய போல்ட்டுகளைச் சுற்றித் தகட்டு விளிம்பு குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே வழி விட்டிருக்கும். அந்த விளிம்பைக் கட்டையில் வைத்துத் தட்டிச் சமன்செய்து, எதிரெதிர் போல்ட்டுகளாகப் படிப்படியாக முறுக்குவதே பரிகாரம். கிளட்ச் கூட்டின் அடித்துளையில் தோன்றும் சொட்டு மட்டும் கிராங்க் ஷாஃப்டின் பின்கோடியையோ கியர்பாக்ஸையோ காட்டும்; விரலில் தொட்டு, கியர் ஆயிலின் கெட்டித்தன்மையையும் கந்தக வாடையையும் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

1983-இல் மாருதி வந்தபின் ரப்பர் சீல் பொதுவாயிற்று. அம்பாஸிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றது. இன்று அட்டைக்குப் பதிலாகக் குழாய்ப் பசை வந்திருக்கிறது. அதை அள்ளிப் பூசினால் உட்புறம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமலேயே பேரிங் எரியக்கூடும் என்பதால், அப்படிக் கோத்த சம்ப்பைக் கழற்றுகிறவர்கள் முதலில் அந்தச் சல்லடையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.