கணினி இயற்றும் சதுரங்கப் புதிர்கள்

கணினி நிரல்கள் தாமே உருவாக்கும் சதுரங்கப் புதிர்கள். செயற்கை நுண்ணறிவில் ‘கணினிப் படைப்பாற்றல்’ என்னும் பிரிவில் அடங்குபவை. ‘வெள்ளை ஆடி மூன்று நகர்த்தல்களில் மேட்’ என்பது போன்ற புதிரில் சரியான முதல் நகர்த்தல் ஒன்றே இருக்க வேண்டும். வேலையில்லாத காய் பலகையில் நிற்கக் கூடாது. விடை வியப்பூட்ட வேண்டும். முதல் நிபந்தனையைக் கணினி எளிதில் சரிபார்த்துவிடும். வியப்பை எப்படி அளப்பது என்பதே இத்துறையின் நீண்டகாலச் சிக்கல்.

தொடக்கம்

கணினி முதலில் கற்றது புதிரைத் தீர்க்க. 1951 நவம்பரில் மான்செஸ்டரில், ஃபெர்ராண்டி மார்க் 1 கணினிக்காக டீட்ரிஷ் பிரின்ஸ் எழுதிய நிரல் இரண்டு நகர்த்தல் புதிர்களுக்கு விடை கண்டது. கோட்டை கட்டுதல், சிப்பாயின் பதவி உயர்வு ஆகிய விதிகள் அதில் இடம்பெறவில்லை. 1970களின் இறுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கென் தாம்சன், சில காய்களே எஞ்சும் நிலைகளை மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு இறுதியாட்டத் தரவுத்தளங்களை அமைத்தார். இத்தகைய தரவுத்தளங்களில் கிடைத்த அரிய நிலைகள் புதிராசிரியர்களுக்கு மூலப்பொருளாயின.

இயற்றும் நிரல்கள்

1999இல் இஸ்ரேலின் யாகோவ் ஹகோஹென்-கெர்னர் குழுவினர், ஏற்கெனவே உள்ள இரண்டு நகர்த்தல் புதிர்களில் காய்களை மாற்றியமைத்து அவற்றின் தரத்தை உயர்த்தும் நிரலை வெளியிட்டனர். மலேசியாவின் டெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்லான் இக்பாலின் ‘செஸ்தெட்டிகா’ இன்னும் ஒரு படி முன்னேறியது. முதலில் புதிர்களின் அழகுக்கு மதிப்பெண் இட்ட இந்நிரல், பிறகு தானே இயற்றத் தொடங்கியது. சதுரங்க ஆட்டங்களின் பண்புகளோடு ஓவியம், ஒளிப்படம் போன்றவற்றின் பண்புகளையும் கலந்து புதிய நிலைகளை உருவாக்குவது அதன் தனித்தன்மை. இம்முறையை விளக்கும் நூல் 2016இல் வெளிவந்தது.

அண்மைக்காலம்

2025இல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும், லிச்செஸ் தளத்தின் புதிர்களைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரிகளை வெகுமதி சார்ந்த கற்றலால் செம்மைப்படுத்தினர். விடை ஒன்றேயாகவும், மேலோட்டமாகத் தேடினால் அகப்படாததாகவும் இருந்தால் மாதிரிக்கு வெகுமதி கிடைக்கும். இதனால் எதிர்பாராத விடை கொண்ட புதிர்களின் விகிதம் 0.22 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாக உயர்ந்தது. அவற்றுள் தேர்ந்தவற்றை கிராண்ட்மாஸ்டர்கள் மேத்யூ சாட்லர், ஜோனதன் லெவிட், புதிர்க்கலை வல்லுநர் அமாட்சியா அவ்னி ஆகியோர் மதிப்பிட்டனர். புதிரை இயற்றுவது கணினியாக இருந்தாலும், அது அழகானதா என்று தீர்ப்பளிக்க இன்றும் மனிதரே அழைக்கப்படுகின்றனர்.