கண்டி அணியின் முதற் பருவம்

கொழும்பிலிருந்து தரைவழியே செல்வோர்க்குக் கண்டி மாநகரின் வாயிலாய் அமைந்தது கடுகண்ணாவைக் கணவாய் ஆகும். ஆங்கிலேயர் ஆட்சியிற் பாறையைப் பிளந்து பெருந்தெரு சமைத்ததும், 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை எய்தியதும் இக்கணவாயின் வழியேயாம். கணவாய்க்கு அப்பாலுள்ள மண், துடுப்பாட்ட வரலாற்றிலும் பெயர் பெற்றது. அசுகிரிய மைதானத்தில் 1983இல் முதலாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றது. கண்டி ஈன்ற முத்தையா முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனை நிலைநாட்டியதும் அம்மைதானத்திலேயே. அது நிகழ்ந்தது 2007 டிசம்பர் 3ஆம் நாள். பின்னர் பல்லேகலையிற் புதிய அரங்கொன்றும் எழுந்தது. இத்தகைய மண்ணின் பெயரைத் தாங்கிய அணியொன்று, தன் முதற் பருவம் முழுவதையும் அம்மண்ணை மிதியாமலே ஆடி முடித்தது என்பது வியப்புக்குரியது.

தொழின்முறை ஆட்டக்காரரைக் கொண்ட லீக் போட்டியொன்று 2012இல் இலங்கையில் நடந்தது. ஆயினும் அஃது ஒரு பருவத்தோடு நின்றுபோயிற்று. எட்டாண்டுகளின் பின், 2020இல், லங்கா பிறீமியர் லீக் தோன்றியது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து ஊர்களின் பெயரால் அணிகள் அமைந்தன. ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கவிருந்த போட்டிகளைக் கொரோனா நோய் நவம்பருக்குத் தள்ளியது. பல்லேகலையும் ஆட்டக்களங்களுள் ஒன்றாக முதலில் எண்ணப்பட்டிருந்தது. தனிமைப்படுத்தல் விதிகளின் பொருட்டு அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. நவம்பர் 26 முதல் டிசம்பர் 16 வரை 23 ஆட்டங்களும் தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டையில், பார்வையாளரற்ற அரங்கில் நடைபெற்றன.

கண்டி அணி ‘டஸ்கர்ஸ்’ என்னும் பெயர் பூண்டது. பெரஹராவிற் பவனி வரும் கொம்பன் யானையை நினைவூட்டும் பெயர் அது. தொடக்க ஆட்டத்திற் கண்டி 3 விக்கெட் இழப்பிற்கு 219 ஓட்டங்களைக் குவித்தது. அணித்தலைவர் குசல் பெரேரா 87 ஓட்டங்கள் பெற்றார். தினேஷ் சந்திமாலின் 80 ஓட்டங்களின் துணையுடன் கொழும்பும் அதே 219ஐ எட்டிற்று. சமநிலையை முறிக்க ஆடிய சுப்பர் ஓவரிற் கொழும்பு வென்றது. வெற்றியின் விளிம்பில் நழுவிய அணி பின்னர் நிமிரவில்லை. எட்டு ஆட்டங்களில் இரண்டையே வென்று, காலியுடன் புள்ளியிற் சமனாக நின்றும், ஓட்ட விகிதத்திற் பின்தங்கி இறுதி இடத்தை அடைந்தது. அவ்வாறு அரையிறுதியுட் புகுந்த காலியே இறுதியாட்டம்வரை சென்றமை ஈண்டு நோக்கத்தக்கது. அவ்விறுதியாட்டத்தில் திசர பெரேரா தலைமையிலான யாழ்ப்பாண அணி காலியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

கண்டியில் ஆடாத அணிக்குக் கண்டியின் பெயர் எற்றுக்கு? பிறவூராரே மிகுதியாக ஆடிய அணிக்கு யாழ்ப்பாணத்தின் பெயர் எற்றுக்கு? ஊர்ப்பெயர் இங்கு வணிக முத்திரையன்றி வேறில்லை என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் பொய்யன்று. கண்டி அணி, ஆண்டுதோறும் டஸ்கர்ஸ், வொரியர்ஸ், பல்கன்ஸ், பி-லவ் எனப் பெயர் மாறியமையே அதற்குச் சான்றாகும். எனினும் பெயர் சிலவேளை கதவையும் திறந்துவிடுகின்றது. 2020 டிசம்பர் 4ஆம் நாள், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் இளைஞர் அவ்வூர் அணிக்காகப் பந்து வீசினார். அவரது முதல் விக்கெட் இலங்கையின் முன்னாள் அணித்தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் உடையது. 2023இல் அவர் இலங்கை அணியிலும் இடம்பெற்றார். ஊரின் பெயரால் அணி அமையாதிருப்பின் அவ்வாய்ப்பு அத்துணை விரைவில் வாய்த்திராது எனக் கருதுதல் பிழையாகாது.

கண்டிக்கும் காலம் கனிந்தது. 2022இல் லீக் கடுகண்ணாவையைக் கடந்து பல்லேகலைக்கு வந்தது. 2023 ஓகஸ்ட் 20ஆம் நாள் கண்டி அணி தம்புள்ளையை வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. வென்ற பருவமே நினைவில் நிற்பது உலகியல்பு. எனினும் வரலாறு தோற்ற பருவத்தையும் மறத்தலாகாது. ஓர் ஊரின் பெயரைச் சூடிக்கொள்வது எளிது. அவ்வூர் மண்ணில் ஆடி, அவ்வூர் மைந்தரை ஆடச்செய்து, அப்பெயருக்கு உரிமை பெறுவதே அரிது. 2020ஆம் ஆண்டின் பருவம் உணர்த்தும் உண்மை இதுவேயாம்.