மறைக்கப்பட்ட கடன்: ஒரு வரலாற்றுப் பார்வை

கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த பேளுக்குறிச்சி, மளிகைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். தை பிறந்துவிட்டால் கோடை முடியும்வரை, ஆண்டு முழுமைக்கும் வேண்டிய மிளகு, சீரகம், மல்லி, வெந்தயம், கடுகு ஆகியவற்றை ஒரே நாளில் வாங்கிச் செல்ல அயலூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குவிவர். வாங்குவோருக்கு அங்கே ரொக்க வியாபாரம்தான். ஆனால் விற்பவர்களுக்கிடையே ஓடுவது கடன். மூட்டை இன்று வரும், பணம் அடுத்த சந்தைக்குப் போகும். நம்பிக்கையின் மேல் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எழுத்து என்பது பெரும்பாலும் ஒரு சிட்டைப் புத்தகத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் சந்தையில் நெடுங்காலம் கடை விரித்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் ஜனாஸாவில், மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் நான் கலந்துகொண்டேன். தொழுகைக்கு முன்னர் மூத்த மகன் எழுந்து, வழக்கப்படி, "அத்தா யாருக்கேனும் தரவேண்டியது இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பேற்கிறோம்" என்று அறிவித்தார். சம்பிரதாயமாகச் சொல்லப்பட்ட சொல் அது. ஒருவரும் வரமாட்டார்கள் என்றே குடும்பத்தார் எண்ணியிருக்க வேண்டும். மையவாடியிலிருந்து திரும்புவதற்குள் நால்வர் வந்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் மலையிலிருந்து மிளகு கொண்டுவருபவர். இன்னொருவர், மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த தொகையை அவரிடம் கொடுத்து வைத்திருந்த ஒரு விதவையின் தம்பி. வீட்டில் யாருக்கும், மனைவிக்குக்கூட, இதில் ஒன்றும் தெரியாது. அன்று அந்த மகனின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

கடனை மறைப்பது தவறா என்ற கேள்வி அன்று என்னுள் எழுந்தது. பின்னர் கிதாபுகளைப் புரட்டியபோது, கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்று பட்டது: யாரிடம் மறைக்கலாம், யாரிடம் மறைக்கலாகாது?

சொற்களிலிருந்தே தொடங்கலாம். பொருளிழந்தவனை அரபியில் 'முஃப்லிஸ்' என்பர். 'ஃபல்ஸ்' என்னும் செப்புக் காசிலிருந்து பிறந்த சொல் இது. பொன்னும் வெள்ளியும் போய், கையில் செப்புக் காசு மட்டுமே மிஞ்சிய நிலை 'இஃப்லாஸ்'. ஒருவர் முஃப்லிஸ் என்று நீதிபதி தீர்ப்பளிப்பது 'தஃப்லீஸ்'. நாம் வழங்கும் 'திவால்' வடக்கிலிருந்து வந்த சொல். நொடித்துப்போன வணிகன் பட்டப்பகலில் தன் கடையில் விளக்கேற்றி வைப்பான் என்றும், அவ்விளக்கிலிருந்தே இச்சொல் வந்தது என்றும் சிலர் கூறுவர். அரபிச் சொல் ஒருவனுடைய பையின் நிலையைச் சொல்ல, வடக்கத்திச் சொல்லோ அந்நிலை தெருவுக்குத் தெரிவதைச் சொல்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவார்கள். இவ்வளவு அதிகமாக இதைக் கேட்பதேன் என்று ஒருவர் வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லவும் வாக்களித்தால் மாறு செய்யவும் நேர்கிறது என்ற கருத்தில் விடையளித்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி. வறுமையை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. கடன் மனிதனின் நாவை என்ன செய்கிறது என்பதையே சொன்னார்கள். மறைப்பு மெல்ல மெல்லப் பொய்யாக மாறும் இடம் அதுதான்.

இவ்விஷயத்தில் நம் வரலாற்றில் மிகவும் விரிவாகப் பதிவான நிகழ்ச்சி ஸுபைர் பின் அல்அவ்வாம் (ரலி) அவர்களுடையது. ஹிஜ்ரி 36இல், கி.பி. 656இல், ஜமல் போர் நடந்த நாளன்று அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தமக்கு மிகுந்த கவலையளிப்பது தம் கடனே என்று கூறி, அதை அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். அக்கடன் வந்த விதம் வியப்புக்குரியது. மக்கள் பொருளை அமானிதமாகக் கொண்டுவந்து கொடுத்தால், தொலைந்துவிட்டால் கொடுத்தவருக்கு இழப்பாகுமே என்று அஞ்சி, "அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும்" என்று தம்மேல் பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். அவ்வாறு சேர்ந்த தொகை இருபத்திரண்டு இலட்சம்.

தந்தை ஷஹீதான பின் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அப்துல்லாஹ்வைச் சந்தித்து, என் சகோதரருக்கு எவ்வளவு கடன் என்று கேட்டார்கள். அப்துல்லாஹ் அதை மறைத்து, ஓர் இலட்சம் என்றார்கள். 'மறைத்தார்' என்னும் சொல்லையே அறிவிப்பாளர் கையாள்வது கவனிக்கத்தக்கது. உங்கள் சொத்து அதற்கே போதாது போலிருக்கிறதே என்றார் ஹகீம். இருபத்திரண்டு இலட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, அடுத்த மூச்சிலேயே அப்துல்லாஹ் உண்மையை வெளியிட்டுவிட்டார்கள். அது உங்களால் தாங்க இயலாதது; முடியாமல் போனால் என்னிடம் உதவி கேளுங்கள் என்றார் ஹகீம்.

ஹகீம் கடன் கொடுத்தவர் அல்லர். பரிவோடு விசாரித்த குடும்ப நண்பர். கேட்டவுடன் முழுத்தொகையைச் சொல்ல ஸஹாபி ஒருவருக்கே நா எழவில்லை என்பதில் மனித இயல்பு தெரிகிறது. புகாரியின் அறிவிப்பில் அதற்காக அவர்களைக் கடிந்துரைக்கும் சொல் ஏதுமில்லை. ஆனால் கடன்காரர்கள் விஷயத்தில் அதே அப்துல்லாஹ் செய்ததைப் பாருங்கள். ஸுபைர் (ரலி) ஓர் இலட்சத்து எழுபதினாயிரத்திற்கு வாங்கியிருந்த 'ஃகாபா' நிலத்தைப் பதினாறு இலட்சத்திற்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். அடைத்து முடிந்ததும் வாரிசுகள் சொத்தைப் பங்கிடக் கோரினர். அப்துல்லாஹ் இணங்கவில்லை. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ்ஜுக் காலத்திலும், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் வந்து பெற்றுச் செல்லலாம் என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்கள். நண்பரிடம் ஒரு கணம் மறைத்த அதே கடனை, உரிமையுடையவர் எவரும் விடுபடக் கூடாதென்று உலகம் கூடும் இடத்தில் நான்காண்டுகள் கூவி அறிவித்திருக்கிறார்கள்.

கடனை ஊரறியச் செய்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த உஸைஃபிஃ என்பவர், ஹாஜிகளுக்கு முன்னால் போய்ச் சேரும் பெருமைக்காக ஒட்டகங்களை அதிக விலைக்குக் கடனில் வாங்கி நொடித்துப்போனார். உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன்னிலையில் அதைக் கூறி, அவரிடம் வரவேண்டியது உள்ளவர்கள் மறுநாள் காலை வந்தால் அவருடைய பொருள் பங்கிட்டுத் தரப்படும் என்று அறிவித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் இதைப் பதிவு செய்துள்ளார்கள். இதற்கு நேர்மாறான சூழலில் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களுக்குக் கடன் மிகுந்தது. அண்ணலார் அவர்களுடைய பொருளைக் கடன்காரர்களுக்காக விற்றார்கள். உரியோருக்கு ஏழில் ஐந்து பங்கே கிடைத்தது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு. ஐயத்திற்கிடமின்றித் தெரிவது வேறொன்று: முஆத் (ரலி) அவர்களையே பெருமானார் யமனுக்கு ஆட்சிப் பொறுப்பில் அனுப்பினார்கள். கடன் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சி, சம்பளப் பிடித்தத்தைக்கூட மேலாளரிடம் சொல்லத் தயங்கும் நம் காலத்தவருக்கு இச்செய்தி விந்தையாகப் படும்.

ஃபிக்ஹு நூல்களில் இவ்விவாதம் இன்னும் கூர்மை பெறுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், புத்தி சுவாதீனமுள்ள ஒருவரைக் கடனுக்காக 'ஹஜ்ர்' செய்வதை, அதாவது கொடுக்கல் வாங்கலிலிருந்து தடுத்து வைப்பதை, ஏற்கவில்லை. அது அவருடைய மனிதத் தகுதியையே பாழாக்குவதாகும் என்பது அவர்களின் நிலைபாடு. அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் (ரஹ்) மற்ற மூன்று இமாம்களுடன் சேர்ந்து ஹஜ்ரை அனுமதித்தனர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', கடன்காரனை ஹஜ்ர் செய்யும் நீதிபதி அதற்குச் சாட்சி வைக்க வேண்டும் என்கிறது. காரணம், இனி அவனுடன் வியாபாரம் செய்ய வருபவர் எச்சரிக்கையாக இருப்பதற்காக. வெட்கப்படுத்துவது அங்கே நோக்கமாகச் சொல்லப்படவில்லை. அதே நூல், சொத்தையெல்லாம் விற்கும்போதும் அவனுக்கு விட்டுவைக்க வேண்டிய உடைகளைக் கணக்கிடுகிறது: சட்டை, காற்சட்டை, தலைப்பாகை, காலணி, குளிர்காலமாயின் ஒரு ஜுப்பா. வீட்டையும் விற்கச் சொல்லும் சட்டம் தலைப்பாகையை விட்டுவைக்கிறது. நாளைக்கு அவன் வெளியே வர வேண்டுமல்லவா?

வசதியிருந்தும் இழுத்தடிப்பவனைப் பற்றிப் பிறரிடம் முறையிடுவதும் அவனைத் தண்டிப்பதும் ஆகுமாகிவிடும் என்ற பொருளில் ஹதீஸ் உள்ளது. அதன் மறுபக்கத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வசதியற்றவனின் மானம் அப்போதும் பாதுகாக்கப்பட்டதாகவே இருக்கிறது. அவனுக்கோ அல்பகறா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அவகாசத்தை உரிமையாக்கியுள்ளது.

தமிழகத்தில் மறைப்பு எத்தகைய பேரழிவாகும் என்பதைக் காட்டிய ஆண்டு 1906. சென்னையில் மூன்று பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட அர்பத்நாட் கம்பெனி அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் கதவடைத்தது. உத்தியோகஸ்தர்கள், ஓய்வூதியக்காரர்கள், விதவைகள் எனப் பல்லாயிரவர் வைத்திருந்த பணம் மூழ்கிற்று. நிறுவனம் நொடித்த நிலையில் இருந்தது ஆண்டுக்கணக்காக உள்ளிருந்தோருக்குத் தெரியும். தெரிந்தே வைப்புத்தொகைகளை வாங்கிக்கொண்டிருந்தனர். லண்டனில் இருந்த பங்காளி அந்நாட்களிலேயே தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு ஆண்டே இந்தியன் வங்கி தோன்றியதற்கு இவ்வீழ்ச்சியே தூண்டுகோல்.

அர்பத்நாட் வீழ்வதற்கு ஆறு நாட்களுக்கு முன், அக்டோபர் 16இல், தூத்துக்குடியின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி அதற்குத் தோள் கொடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பதை நம்மவர்கள் அறிவர். அக்கம்பெனியும் நிலைக்கவில்லை. ஆனால் வ.உ.சிதம்பரனார் 1936இல் மறைவதற்கு முன் எழுதுவித்த மரண சாசனத்தில், தாம் கடைகளுக்குத் தரவேண்டிய சில்லறைக் கடன்களையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டார். கப்பல் ஓட்டியவர் மளிகைக் கடைப் பாக்கியைச் சொல்ல வெட்கப்படவில்லை.

சென்னை போன்ற மாநகரங்களுக்கு 1909இலும், ஏனைய ஊர்களுக்கு 1920இலும் நொடிப்பு நிலைச் சட்டங்கள் வந்தன. 'ஐ.பி. கொடுத்துவிட்டான்', 'மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான்' என்ற வசைகளெல்லாம் இச்சட்டங்களின் வழி வந்தவை. 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத கடனை அடைக்க இயலாதவர் தாமே நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்பானால் பெயரும் முகவரியும் அரசிதழில் வரும். இந்தப் பகிரங்கத்திற்கு அஞ்சியே பலர் சட்டம் தரும் விடுதலையைத் தேடாமல் வட்டிக்கு வட்டி கட்டி அழிந்தனர். ஆயினும் அச்சட்டத்தின் 72ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு மின்ஹாஜின் சாட்சி நினைவுக்கு வந்தது. நொடித்தவர் என்று தீர்ப்பாகி இன்னும் விடுவிக்கப்படாத ஒருவர், அதைச் சொல்லாமல் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம்வரை சிறை. மாமனாரிடமோ முதலாளியிடமோ போய்ச் சொல்ல வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. புதிதாகக் கை நீட்டும் இடத்தில் மட்டும் வாய் திறந்தாக வேண்டும்.

ஆக, உரிமையோடு கேட்கத்தக்கவர் இருவர். தெரியாமல் பணத்தைக் கொடுக்கப்போகிறவர் ஒருவர். நம் மறைவுக்குப் பின், வாரிசுரிமைக்கு முன்பாகக் கடனை அடைக்கக் கடமைப்பட்ட குடும்பத்தார் மற்றவர். பத்திரமோ சாட்சியோ இல்லாத கடனை வஸிய்யத்தில் தெரிவிப்பது வாஜிப் என்று ஃபுகஹாக்கள் சொல்வது இதனால்தான். மற்றவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. இந்த வரம்பை இன்று கடன் கொடுப்பவர்களே மீறுகின்றனர். கைப்பேசி வழிக் கடன் நிறுவனங்கள் சில, வாங்கியவரின் கைப்பேசியிலுள்ள எண்களுக்கெல்லாம் அவரை இழிவுபடுத்திச் செய்தி அனுப்பி, சிலரைத் தற்கொலைவரை தள்ளின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, அத்தகைய செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக் கூடாதென விதித்தது. தெருவில் நின்று கூச்சலிடும் தண்டல்காரருக்கு அவ்விதியும் எட்டுவதில்லை.

அந்தச் சந்தை வியாபாரியின் பெட்டியில் ஜனாஸாவுக்கு மூன்றாம் நாள் ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. வக்கீல் ஒருவர் தயாரித்துக் கொடுத்த நொடிப்பு விண்ணப்பம். கையெழுத்திட்டும் தாக்கல் செய்யப்படாதது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நிறுத்திவிட்டார் போலும். அத்தகைய விண்ணப்பத்தில் கடன்காரர் பெயர்களையும் தொகைகளையும் வரிசையாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஜனாஸாவில் வந்தவர்கள் நால்வர்தாம். எங்கள் உஸ்தாதிடம் மகன் அதைக் கொண்டுவந்து காட்டியபோது நான் உடனிருந்தேன். இதுவே உன் அத்தாவின் வஸிய்யத் என்றார் உஸ்தாத். அடுத்த சந்தைக்கு அவர் அக்காகிதத்தோடு பேளுக்குறிச்சி போனார். கடைசிப் பெயரை அடிக்க அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.