துரை கொடுத்த கௌல்

மார்கழிக் குளிரில் விடியற்காலை எழுந்து பெருமாள் கோயிலுக்குப் போனால் புண்ணியம் உண்டு. கொக்கு பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று நானும் நண்பரும் தாம்பரத்திலிருந்து புறப்பட்டோம்.

முதலில் பள்ளிக்கரணை. பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று வீசியது. மூக்கைப் பொத்திக்கொண்டோம், கண்ணை மூட மனம் வரவில்லை. ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வரிசையாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன!

மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கடலுக்கு அனுப்பும் இந்தக் கழுவெளி, ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது. வெகுகாலம் அதைத் தரிசு என்றே எண்ணினார்கள். தரிசு நிலத்துக்காக யார் வழக்காடுவார்கள்? குப்பை வந்தது, கட்டிடங்கள் வந்தன. சிலர் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2007-இல்தான் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று.

அங்கிருந்து செங்கற்பட்டைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்தில் வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தோம். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமான கதை விசித்திரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் இங்கே நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் பேசாமல் இருக்கவில்லை. செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, 1798-இல் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கி வந்தார்கள். இனி இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது! 1858-இல் மறுபடியும் ஒரு கலெக்டரிடம் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

வெறும் ஜீவகாருண்யம் மட்டுமா? பறவைகளின் எச்சம் விழுந்து ஏரி நீரே உரமாகிறது. அந்த நீர் பாய்ந்த வயல் நன்றாக விளைகிறது. தங்கள் சோற்றுக்கும் நாரையின் கூட்டுக்கும் உள்ள உறவை அந்தக் குடியானவர்கள் அறிந்திருந்தார்கள். பள்ளிக்கரணை விஷயத்தில் அந்த உறவு பட்டணத்துக்காரர்களாகிய நமக்குப் புரியவில்லை. 2015-இல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோதுதான் பலருக்குப் புரிந்தது.

2022-இல் இரண்டு இடங்களும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. நல்லதுதான். ஆனால் பத்திரத்தைக் காப்பாற்ற ஊர் வேண்டும் அல்லவா?

இருட்டியது. இரை தேடப் போன நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. கரையில் நின்ற ஒரு பெரியவர், "பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பொண்ணுங்க, சாமி. மெதுவாப் பேசுங்க" என்றார்.

திரும்பும் வழியில் பள்ளிக்கரணையைக் கடந்தபோது, நாங்களும் மெதுவாகத்தான் பேசினோம்.