கிள்ளான் சைக்கிளும் மாண்ட்கமரி பேருந்தும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸ்தான் பலருக்கும் நினைவில் எழுவார். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரம், 1955 டிசம்பர் 1. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1941-இல், மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை முன்வைத்தார்கள். கூலி, வேலை நேரம், மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, கள்ளுக்கடை மூடல் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்று தனித்துத் தெரிகிறது: தோட்ட மேலாளரான துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அங்கே எழமாட்டோம் என்றார்கள். இங்கே இறங்கமாட்டோம் என்றார்கள்.

இரண்டு வாகனங்களையும் சற்று உற்றுப் பார்க்கலாம். மாண்ட்கமரி பேருந்தில் கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசு கொடுப்பார். பெரும்பாலும் மறுபடி கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏற வேண்டியிருக்கும். கட்டணத்தில் வேறுபாடு இல்லை, வாசலில் உண்டு. கிள்ளான் தொழிலாளியின் சைக்கிளோ அவர் கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய சொந்தப் பொருள். ஆனால் அது ஓடும் செம்மண் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். ஒருவருக்குப் பாதை பொது, வண்டி பிறருடையது. மற்றவருக்கு வண்டி தன்னுடையது, பாதை பிறருடையது. உடைமை இப்படி இடம் மாறியிருந்தும் அவமதிப்பு ஒரே வடிவில் வருகிறது. இரண்டு இடத்திலும் குறிவைக்கப்பட்டது மனிதன் உட்கார்ந்திருக்கும் நிலைதான். எதிரே வருபவர் முன்னால் அவன் உட்கார்ந்தபடி இருக்கக்கூடாது.

இந்த ஒற்றுமையைக் கண்டதும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட ஆசை வரும். அவசரப்பட வேண்டியதில்லை. மாண்ட்கமரியில் இருக்கைப் பிரிவினை நகரச் சட்டத்திலும் மாநிலச் சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் ஓட்டுநருக்குத் தரப்பட்டிருந்தது. கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்குவது வழக்கம் மட்டுமே. எழுதப்பட்டதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அப்படித்தான் 1956 நவம்பரில் பிரவுடர் எதிர் கெய்ல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாண்ட்கமரி பிரிவினையைச் செல்லாது என்றது. எழுதப்படாத வழக்கத்தை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அதனால்தான் கிள்ளான் மக்கள் அதைக் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டியதாயிற்று. அந்த வழக்கம் எழுத்தில் ஏறியதே அதை எதிர்த்தவர்கள் கையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோசா பார்க்ஸ் கைதானதும் மாண்ட்கமரியின் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பின் தொடக்கக் கோரிக்கைகளைப் படிப்பவருக்கு மற்றொரு வியப்பு காத்திருக்கிறது. பிரிவினையே ஒழிய வேண்டும் என்று அவர்கள் முதலில் கேட்கவில்லை. மரியாதையாக நடத்த வேண்டும். முதலில் வருபவருக்கு முதலில் இடம், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வரலாம். கறுப்பினப் பயணிகள் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். இவ்வளவுதான். கிள்ளான் பட்டியலிலும் கொடுமைக்காரக் கிராணிகளை நீக்கிவிட்டுத் தமிழ் பேசுபவர்களை அமர்த்துங்கள் என்ற கோரிக்கை உண்டு. தோட்டத்துக் கிராணிமாரில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். வெள்ளைத் துரைக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் நடுவே நின்றவர்கள். இந்த நடு அடுக்கு மாண்ட்கமரி பேருந்தில் இல்லை. அங்கே ஓட்டுநர் வெள்ளையர், கணக்கு நேரடியானது. ஆனாலும் நமக்கு ஆணையிடுபவர் நம்மைப் புரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு ஊரும் ஒரே குரலில் பேசுகின்றன.

பெண்கள் பக்கம் திரும்பினால் உறவு இன்னும் நெருக்கமாகிறது. தொழிலாளர் வீட்டுப் பெண்களைத் தோட்ட அதிகாரிகள் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும் என்பது கிள்ளானின் பன்னிரண்டில் ஒன்று. இதற்கும் பேருந்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ரோசா பார்க்ஸை நாம் ‘களைத்துப்போன தையல்காரப் பெண்’ என்ற அளவில் அறிந்திருக்கிறோம். பேருந்தில் அமர்வதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1944-இல், அபிவில் என்ற ஊரில் வெள்ளையர் கும்பலால் சிதைக்கப்பட்ட ரேசி டெய்லர் என்ற பெண்ணுக்காக விவரம் திரட்டப் போனவர் அவர். டேனியல் மக்கையர் 2010-இல் வெளியிட்ட நூல் இந்த இழையைத்தான் பின்தொடர்கிறது. சாலையில் தலைநிமிர்ந்து போகும் உரிமையும் பெண்ணின் உடல் மீதான உரிமையும் இரண்டு ஊரிலும் ஒரே போராட்டத்துக்குள் இருந்தன.

மாண்ட்கமரி புறக்கணிப்பைப் பற்றிய ‘தி லாங் வாக் ஹோம்’ என்ற 1990-ஆம் ஆண்டுப் படத்தில் வூப்பி கோல்ட்பெர்க் வீட்டுவேலை செய்யும் ஒடெஸ்ஸாவாக நடிக்கிறார். பேருந்துகள் காலியாக ஓட, அவர் நடந்தே வேலைக்குப் போய் நடந்தே வீடு திரும்புகிறார். தலைவர்களின் மேடையைவிட ஒரு பெண்ணின் வலிக்கும் பாதங்களின் மீதுதான் படத்துக்கு அக்கறை அதிகம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது: எவ்வளவு நடந்தாலும் ஒடெஸ்ஸாவுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. புறக்கணிக்கப்பட்டது பேருந்து, வேலை தொடர்ந்தது. கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்தவர் குடியிருந்த லயமே தோட்டத்துடையது. முதலாளிதான் வீட்டுக்காரர்.

தலைமையை எடுத்துக்கொண்டால், மாண்ட்கமரியில் 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங். கிள்ளானில் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். இருவரும் பேருந்துக்காகக் கால்கடுக்க நின்ற வீட்டுவேலைக்காரரோ பால்வெட்டும் தொழிலாளியோ அல்லர். எழுத்தும் பேச்சும் கைவந்தவர்கள். இருவரையும் அதிகாரம் கைது செய்தது. இந்த இடத்தில் பாதைகள் பிரிகின்றன. கிங் அமெரிக்கக் குடிமகன். வீட்டில் குண்டு வீசலாம், சிறையில் அடைக்கலாம், கப்பலேற்ற முடியாது. நாதனை முடியும். 1941 மே மாதம் கைதான அவர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் கைதானதும் அவரது விடுதலை கேட்டு வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் அடங்கிய சிலாங்கூர் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வந்தது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மாண்ட்கமரி 381 நாள் தாக்குப்பிடித்ததையும் கிள்ளான் சில மாதங்களில் ஒடுக்கப்பட்டதையும் மனவுறுதியின் ஏற்றத்தாழ்வாகக் காண்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஒரு பக்கம் குடியுரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் திருத்தம், தேவாலயங்கள், நூற்றுக்கணக்கில் வாடகையில்லாத கார்கள். மறுபக்கம் எந்த நாளும் திருப்பி அனுப்பப்படக்கூடிய அந்நியர்.

கிள்ளான் கதைக்குள்ளேயே அமெரிக்கா இருக்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். போர் நெருங்கியதால் அமெரிக்க அரசு 1940-இல் தனி நிறுவனம் அமைத்து ரப்பரைச் சேமிக்கத் தொடங்கியது. மலாயா ரப்பருக்குத் தேவை பெருகியது, தோட்டங்களுக்கு லாபம் கொழித்தது. விலைவாசி ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை. சீனத் தொழிலாளருக்குக் கிடைத்த கூலியும் தமிழருக்குக் கிடைக்கவில்லை. கொதிப்பின் உடனடிக் காரணம் அதுவே.

பிந்தைய நினைவு இரண்டு ஊருக்கும் ஒரே அளவில் அமையவில்லை. ரோசா பார்க்ஸ் பயணம் செய்த 2857 எண் பேருந்து இன்று மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிங் 1958-லேயே அந்தப் போராட்டத்தை நூலாக எழுதிவிட்டார். கிள்ளான் வேலைநிறுத்தம் அடங்கிய அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். பிறகு தோட்டத் தொழிலாளரையும் கொண்டுபோய் அவர்கள் போட வைத்த சயாம் மரண ரயில்பாதை. அந்தப் பேரழிவுக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று நாவல்கள் வாய்த்தன. தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி 2015-இல் ‘ஜகாட்’ திரைப்படம் வந்தது. 1941 இவற்றுக்கு நடுவே அமுங்கிப்போனது.

சிலாங்கூரிலேயே உள்ள செமினியில் பழைய தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காப்பிக்கடையில் ஒரு பெரியவரிடம் ரோசா பார்க்ஸ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: “தொர காடி தூரத்துல தெரிஞ்சாலே எங்கப்பா எறங்கி ஓரமா நிப்பாரு தம்பி. காடி போயி தூசி அடங்கினாத்தான் மறுபடி ஏறுவாரு. நான் பின்னால உக்காந்திருப்பேன், என்னையும் எறக்கி விட்ருவாரு.” அவர் பேசியது ஐம்பதுகளைப் பற்றி. கோரிக்கை எழுதப்பட்ட பிறகும் அவர் தோட்டத்தில் வழக்கம் போகவில்லை. ஆக, மாண்ட்கமரியில் பேருந்துகள் காலியாக ஓடிய அதே காலத்தில்.

மறதி நமக்கு மட்டும் உரியதல்ல. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 1955 மார்ச் 2-இல், அதே நகரில் இருக்கையை விட்டுத் தர மறுத்துக் கைதானவர் 15 வயது கிளாடெட் கோல்வின். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் வாதிகளில் அவரும் ஒருவர். இருந்தும் பல பத்தாண்டுகள் அவர் பெயரைச் சொல்வார் இல்லை. ஃபிலிப் ஹூஸ் அவரோடு உட்கார்ந்து பேசிப் பேசி எழுதிய நூல் 2009-இல் வந்தது. அவர் மீதிருந்த பழைய தீர்ப்புப் பதிவு 2021-இல் நீதிமன்ற ஆணையால் அழிக்கப்பட்டபோது அவருக்கு வயது 82. 1941-இல் கிள்ளானில் 15 வயதில் ரப்பர் பால் மங்கு தூக்கிய பிள்ளை இன்றிருந்தால் நூறை எட்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களின் மகன்களும் மகள்களும் எழுபதுகளில் இருக்கிறார்கள், அப்பா எப்போது இறங்கினார், எப்போது இறங்குவதை நிறுத்தினார் என்று கேட்டால் சொல்லும் நிலையில்.